மின்சாரத்துக்கு ஒரு குதிர்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்று மின்விளக்கு இல்லாத வீட்டைக் காண்பது அரிது. ஆயினும் விளக்கு இருப்பது வேறு. வேண்டிய வேளையில் அது எரிவது வேறு. கோடையில் நேரும் மின்தடையையும், பராமரிப்புப் பணிக்கென்று பகல் முழுதும் நிறுத்தப்படும் மின்சாரத்தையும், காற்றிலும் மழையிலும் அறுந்து விழும் கம்பிகளையும் நாம் எல்லோரும் அறிவோம். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரண்யத்தை அடுத்துக் கரையேறிய கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் உட்கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்தன.

இத்தகைய அனுபவங்களின் பயனாக, வீட்டில் பாட்டரி அமைத்துக்கொள்ளும் ஆவல் கிராமங்களிலும் பெருகியுள்ளது. ஆவல் நன்றே. ஆனால் ஒரு கறவை மாட்டின் விலையில் பாதியையேனும் விழுங்கிவிடக்கூடிய இச்செலவைப் பலர் கணக்குப் பார்க்காமலே செய்துவிடுகின்றனர். அடுத்த வீட்டில் வைத்திருப்பதைப் பார்த்து அதையே வாங்குகின்றனர். அல்லது கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்குகின்றனர். எந்தப் பாட்டரி நல்லது என்று நம்மைக் கேட்போர் பலர். தம் வீட்டில் மின்சாரம் எவ்வளவு நேரம், எத்தனை முறை நிற்கிறது, அந்நேரத்தில் எவை இயங்கியாக வேண்டும் என்று சொல்வோர் சிலரே. முதற்கேள்விக்கு விடை இரண்டாவதில்தான் அடங்கியுள்ளது.

சேமிப்பும் உற்பத்தியும்

பாட்டரி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. களத்தில் விளைந்த நெல்லைக் குதிரில் கொட்டி வைத்து, வேண்டும்போது அள்ளிக்கொள்வது போன்றதே அதன் வேலை. அன்றியும், குதிரில் எலியும் அந்தும் தம் பங்கை எடுத்துக்கொள்வது போல, பாட்டரியிலும் சேதாரம் உண்டு. ஈயப் பாட்டரியில் பத்துப் பங்கு மின்சாரத்தை ஏற்றினால் எட்டுப் பங்கு அளவே திரும்பக் கிடைக்கும். அதனை வீட்டு விளக்குக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் இன்வெர்ட்டர் என்னும் சாதனமும் சிறிது எடுத்துக்கொள்ளும். ஆதலால், பாட்டரி வைத்தால் மின் கட்டணம் குறையும் என்று எவரேனும் கூறினால் நம்பவேண்டியதில்லை. சூரிய ஒளித் தகடு இல்லாத வீட்டில் கட்டணம் சற்றுக் கூடவே செய்யும். நாம் பணம் கொடுத்து வாங்குவது இருட்டு வேளைக்கான காப்பையே.

முதலில் கணக்கு

மின்சாதனம் ஒவ்வொன்றிலும் அது இழுக்கும் மின்சாரம் இத்தனை வாட் என்று பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணை அது ஓடவேண்டிய மணி நேரத்தால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். ஆயிரம் வாட்-மணி சேர்ந்ததே நாம் கட்டணம் செலுத்தும் ஒரு யூனிட்.

சிறிய குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாலையில் நான்கு மணி நேரம் மின்சாரம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் மூன்று, நான்கு மணிக்கு 108 வாட்-மணி. 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிகள் இரண்டு, நான்கு மணிக்கு 600. தொலைக்காட்சி 60 வாட் வீதம் இரண்டு மணிக்கு 120. கைபேசிகள் இரண்டுக்கு 40. ஆக மொத்தம் 868 வாட்-மணி. இன்வெர்ட்டரின் சேதாரம் நூற்றுக்குப் பதினைந்து என்று கொண்டால், பாட்டரி கொடுக்க வேண்டியது ஏறத்தாழ 1,020 வாட்-மணி.

இனி, கடையில் சாதாரணமாக விற்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரியைப் பார்ப்போம். இரண்டு எண்களையும் பெருக்க 1,800 வாட்-மணி வருகிறது. இது தாராளமாகப் போதும் என்று தோன்றும். ஆனால் ஈயப் பாட்டரியை அடிவரை வற்றவிட்டால் அதன் ஆயுள் விரைவில் குன்றிவிடும். பாதியோடு நிறுத்துவதே முறை. அவ்வாறெனில் நம் கைக்கு வருவது 900 மட்டுமே. கணக்கில் துண்டு விழுகிறது. மேலும், பெட்டியின்மேல் அச்சிட்ட 150 என்பது இருபது மணி நேரம் மெதுவாக இறைத்தால் கிடைக்கும் அளவு. நான்கு மணியில் இறைத்தால் கிணறு அதற்கு முன்பே வற்றும்.

இந்நிலையில் கடைக்காரர் இன்னும் பெரிய பாட்டரியைக் காட்டுவார். நாம் கூறும் யோசனை வேறு. மேற்கண்ட கணக்கில் அதிகம் விழுங்குபவை விசிறிகள் அல்லவா? அவற்றுக்குப் பதிலாக 30 வாட் இழுக்கும் புதுவகை பி.எல்.டி.சி. விசிறிகளை மாட்டினால் 600 என்பது 240 ஆகிவிடும். மொத்தம் 508, சேதாரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 600. இதற்கு 100 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் பாதியே சரியாகப் போதும். விசிறிக்குச் செலவிடும் பணம் மின் கட்டணத்தில் ஆண்டு முழுதும் திரும்பிக்கொண்டிருக்கும். பெரிய பாட்டரிக்குச் செலவிடும் பணம் அவ்வாறு திரும்புவதில்லை. ஆகவே விசிறியை முதலில் மாற்றி, பாட்டரியைப் பின்னர் வாங்குவதே சிக்கனம்.

மோட்டார், மாவரைக்கும் இயந்திரம், தேய்ப்புப் பெட்டி, வெந்நீர்ச் சாதனம் ஆகியவற்றை இக்கணக்கில் சேர்க்கலாகாது. ஐந்து குதிரைசக்தி வயல் மோட்டார் ஓடும்போது 3,700 வாட்டுக்கு மேல் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். வீட்டுப் பாட்டரியால் அது இயலாத காரியம். வீட்டின் சிறு மோட்டாருக்கும் இதுவே நியாயம். மின்சாரம் இருக்கும்போதே மேல்நிலைத் தொட்டியை நிரப்பி வைத்துக்கொண்டால், அந்தத் தொட்டியே செலவில்லாத ஒரு பாட்டரி! நோயாளிக்குப் பிராணவாயு கொடுக்கும் இயந்திரம் உள்ள வீட்டின் நிலைமை தனி. அவ்வியந்திரம் 300 வாட்டுக்குக் குறையாமல் இழுப்பது வழக்கமாதலால், நான்கு மணிக்கு அதற்கு மட்டுமே 1,200 வாட்-மணி வேண்டும். அவ்வீட்டார் விசிறி, தொலைக்காட்சிக் கணக்கோடு இதைக் கலக்காமல் தனிப் பாட்டரியே வைத்துக்கொள்வது நலம்.

ஈயமா, லித்தியமா?

ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி மின்சாரத்தைச் சேமிக்கும் முறையை 1859-இல் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பிளாந்தே கண்டறிந்தார். இன்று நம் வீடுகளில் உள்ள பாட்டரிகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவையே. அவற்றுள் குழாய்த் தகடு கொண்ட டியூபுலர் வகை வீட்டுக்கு ஏற்றது. லாரி, டிராக்டர் பாட்டரிகள் ஏற்றவையல்ல. அவை ஒரு நொடியில் பெருமின்சாரம் கொடுத்து என்ஜினைக் கிளப்பவே செய்யப்பட்டவை. மணிக்கணக்கில் இறைத்தால் சில மாதங்களிலேயே ஓய்ந்துவிடும்.

அண்மைக் காலத்தில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் வகை விற்பனைக்கு வந்துள்ளது. கனம் குறைவு, நீர் ஊற்றும் வேலை இல்லை, நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பங்குவரை இறைத்தாலும் தாங்கும், விரைவில் நிரம்பும். கைபேசிகளில் உள்ள லித்தியம் வகைகளைக் காட்டிலும் தீப்பற்றும் இயல்பு இதற்குக் குறைவு. விலைதான் மிகுதி.

இவற்றுள் எது லாபம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். விலைகள் கணக்குக்காகக் கொண்டவையே. ஊருக்கு ஊர் மாறும். 150 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரி 15,000 ரூபாய், ஒவ்வொரு முறையும் 0.9 யூனிட் தருகிறது, ஆயிரம் முறை உழைக்கிறது என்று கொள்வோம். ஆயுளில் 900 யூனிட். யூனிட் ஒன்றுக்குச் சுமார் 17 ரூபாய். லித்தியம் பாட்டரி 30,000 ரூபாய், ஒவ்வொரு முறையும் 1.1 யூனிட், மூவாயிரம் முறை என்றால், ஆயுளில் 3,300 யூனிட். யூனிட் ஒன்றுக்குச் சுமார் 9 ரூபாய். பார்த்த மாத்திரத்தில் லித்தியமே மலிவு.

ஆனால் இவ்விலை தினந்தோறும் பாட்டரியை இறைத்து நிரப்பும் வீட்டுக்கு மட்டுமே பொருந்தும். ஆண்டுக்கு ஐம்பது முறை மட்டும் மின்சாரம் நிற்கும் வீட்டில், மூவாயிரம் முறை என்பது அறுபது ஆண்டுக் கணக்கு! பாட்டரி அத்தனை ஆண்டு இருக்குமா? உழைத்தாலும் உழைக்காவிட்டாலும் வயதாகும் பொருள் அது. ஈயம் நான்கைந்து ஆண்டிலும் லித்தியம் பத்துப் பன்னிரண்டு ஆண்டிலும் மூப்படையும் என்று கொண்டால், மேற்கண்ட விலைகளின்படி இரண்டுக்கும் ஆண்டுச் செலவு ஏறத்தாழ மூவாயிரம் ரூபாய்தான் ஆகிறது. ஆதலால் எப்போதாவது மின்சாரம் நிற்கும் ஊரில் கையில் பணம் குறைவாக உள்ளவர் ஈயப் பாட்டரி வாங்குவதில் தவறில்லை. சூரியத் தகட்டோடு இணைத்து நாள்தோறும் பயன்படுத்துவோர் லித்தியத்தை வாங்குவதே சரி. வயோதிகர் மட்டும் வசிக்கும் வீட்டில், மாதந்தோறும் நீர்மட்டம் பார்ப்பவர் யார் என்பதையும் எண்ணிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் வெளியூரிலிருந்து வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போன பாட்டரிகள் பல, நீர் ஊற்ற ஆளின்றி இரண்டே ஆண்டில் பாழாகின்றன.

எவ்வகையானாலும், உத்தரவாதச் சீட்டில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். முழு மாற்று எத்தனை மாதம், விலைக் கழிவு மட்டும் தருவது எத்தனை மாதம் என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருப்பார்கள்; முதல் எண்ணே கணக்கில் கொள்ளத்தக்கது. பழுது பார்ப்பவர் எந்த ஊரிலிருந்து வருவார் என்றும் கேட்டுக்கொள்க. இன்வெர்ட்டர் சைன் அலை வகையாக இருத்தல் அவசியம். சதுர அலை வகையில் விசிறி இரையும், மோட்டார் சூடேறும். ஈயத்துக்கென்று செய்த பழைய இன்வெர்ட்டரில் லித்தியம் பாட்டரியை அப்படியே மாட்டிவிடலாகாது. மின்னேற்றும் வோல்ட் அளவு இரண்டுக்கும் வேறாதலால், அவ்விணைப்புக்கு ஏற்றதுதானா என்று தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் பார்த்தே செய்ய வேண்டும். பழைய மின் ஸ்கூட்டர்களிலிருந்து கழற்றிய செல்களைக் கோத்து மலிவாக விற்கப்படும் பாட்டரிகளை வீட்டுக்குள் கொண்டுவருதல் ஆபத்து.

வைக்கும் இடம்

பாட்டரிக்குப் பகை வெப்பம். 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஈயப் பாட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது. தகரக் கூரையின் கீழும், மேற்கு வெயில் அறையும் சுவரை ஒட்டியும், அடுப்பங்கரையிலும் அதை வைப்பவர்கள் தம் பணத்தைத் தாமே எரிக்கின்றனர் எனலாம். வீட்டின் வடபுறத் தாழ்வாரமோ, காற்றோட்டமுள்ள நிழலான மூலையோ ஏற்ற இடம்.

ஈயப் பாட்டரி நிரம்பும் தறுவாயில் அதனுள்ளிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. இதற்கு நிறமும் மணமும் இல்லை. காற்றைவிட மிக இலேசானது. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடியது. ஆகவே பூட்டிய அலமாரியிலும், நெல் மூட்டை, வைக்கோல் அடுக்கிய அறையிலும் பாட்டரியை வைக்கலாகாது. மேலே எழும் வாயு வெளியேறச் சுவரின் உச்சியில் திறப்பு இருக்க வேண்டும். ஆயுத பூசையன்று பாட்டரிக்கும் பொட்டிட்டு அதன்மேலேயே கற்பூரம் ஏற்றும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. பூசை வேண்டாமென்று நாம் கூறவில்லை; கற்பூரத்தட்டு வாசலோடு நிற்கட்டும் என்கிறோம்.

நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் உப்புக்களால் தகட்டைக் கெடுக்கும். அமிலத்தை ஒருபோதும் புதிதாக ஊற்றலாகாது. ஆவியாகிப் போவது நீர்தானேயன்றி அமிலமன்று. அமிலம் உடம்பில் பட்டால் தாராளமாக நீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் இடைவிடாது கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். குழந்தைகள் எட்டாதவாறு தடுப்பும் அவசியம்.

ஆற்றோரத்திலும் கடற்கரையிலும் உள்ளோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெள்ளம் வந்த ஆண்டுகளில் நீர் எட்டிய உயரத்தைப் பெரும்பாலும் வீட்டுச் சுவரே காட்டும். அக்கறைக்கு மேலாகச் சிமெண்டு மேடை கட்டி, அதன்மேல் பாட்டரியையும் இன்வெர்ட்டரையும் அமைக்க வேண்டும். 150 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் கனப்பதால் மரப்பலகை அதற்குப் போதாது.

கம்பியும் லைன்மேனின் உயிரும்

12 வோல்ட் என்பது தொட்டால் அதிர்ச்சி தராத அளவுதான். அதனாலேயே அலட்சியம் நேர்கிறது. ஆனால் 600 வாட் எடுக்கும்போது பாட்டரிக் கம்பியில் 50 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. கம்பி மெல்லியதாயினும், முனை தளர்ந்திருந்தாலும் அவ்விடம் சூடேறித் தீப்பற்றும். தடித்த செம்புக் கம்பி, இயன்ற மட்டும் குறுகிய தூரம், பாட்டரியின் அருகிலேயே பொருத்தமான பியூஸ், இறுக்கிய முனைகள் ஆகிய இவற்றை வேலை முடியுமுன் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு நல்ல நில இணைப்பு, அதாவது எர்த், இல்லையானால் அதை முதலில் அமைத்த பிறகே மற்றவை. பாட்டரியில் எரியும் விளக்குகளுக்குத் தனி நியூட்ரல் கம்பி இழுக்க வேண்டும். பழைய வீடுகளில் எல்லாவற்றுக்கும் ஒரே நியூட்ரலைக் கலந்து விடுவதால் பல தொல்லைகள் விளைகின்றன. இவ்வேலைகளை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்தல் வேண்டும்.

அனைத்திலும் கொடியது ஒன்றுண்டு. புயற்காலத்தில் வாடகை ஜெனரேட்டரையோ இன்வெர்ட்டரையோ, இரு முனைகளிலும் பிளக் வைத்த கம்பியால் சுவரிலுள்ள சாக்கெட்டில் சொருகி, வீடு முழுதும் விளக்கேற்றிக்கொள்ளும் வழக்கமே அது. அவ்வாறு சொருகிய மின்சாரம் வீட்டோடு நிற்பதில்லை. மெயின் சுவிட்சு மூடியிருந்தால் அது கம்பம் வழியே தெருக்கோடி டிரான்ஸ்பார்மருக்குச் செல்லும். 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்கு 240 வோல்ட்டாகத் தரும் அதே டிரான்ஸ்பார்மர், தலைகீழாக 240-ஐ 11,000 ஆக உயர்த்திவிடும். மின்சாரம் நிறுத்தப்பட்டுள்ளது என்ற நம்பிக்கையில் கம்பத்தின்மேல் நிற்கும் லைன்மேனின் கதி என்னவாகும்! வீட்டு இணைப்பும் மாற்று மின்சாரமும் ஒரே சமயத்தில் சேரவே இயலாதவாறு செய்யும் மாற்றுச் சுவிட்சு இன்றி எந்த ஜெனரேட்டரையும் வீட்டுக் கம்பியில் இணைக்கலாகாது என்பதைப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் எடுத்துரைக்க வேண்டுகிறோம்.

சூரியத் தகடு உள்ள வீடு

2024-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில் கூரைத் தகடுகளுக்கு 78,000 ரூபாய்வரை மானியம் அறிவிக்கப்பட்டது. அதனால் பல வீடுகளில் தகடுகள் ஏறியுள்ளன. வெயில் கொளுத்தும் நண்பகலில் மின்சாரம் நின்றவுடன் தம் வீட்டு விசிறியும் நின்றுவிடுவதைக் கண்டு அவ்வீட்டார் திகைக்கின்றனர். இது பழுதன்று. மேற்கூறிய லைன்மேனின் உயிரைக் காக்கும் பொருட்டே, வெளி மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடுமாறு அந்த இன்வெர்ட்டர் செய்யப்பட்டுள்ளது. தடை வேளையிலும் தகடு பயன்பட வேண்டுமாயின், பாட்டரியோடு சேரும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அது வீட்டை வெளிக்கம்பியிலிருந்து தானே துண்டித்துக்கொண்டு, குறிப்பிட்ட சில விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும் மட்டும் மின்சாரம் அளிக்கும். தகடு மாட்டுமுன்னரே இதைத் தீர்மானித்தால் ஒரே செலவு. பின்னர் மாற்றினால் இரட்டைச் செலவு. மானியம் தகட்டின் திறனைக் கொண்டு கணக்கிடப்படுவதேயன்றிப் பாட்டரியைக் கொண்டு அன்று என்பதையும் மறக்கலாகாது.

பஞ்சாயத்துக்கு இரண்டு வேலைகள்

புயலுக்குப் பின் ஊரார் முதலில் தேடுவது கைபேசிக்கு மின்சாரம். வெளியூர் மக்களுக்குச் செய்தி சொல்லவும், நிவாரண அதிகாரிகளை அழைக்கவும் அதுவே வழி. ஒரு கைபேசியை நிரப்பச் சேதாரம் உட்பட 25 வாட்-மணி போதும். ஒரு யூனிட்டில் நாற்பது கைபேசிகள் நிரம்பும். ஒரு கிலோவாட் தகடு தெளிந்த வானத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். மேகமூட்டத்தில் அதில் பாதியே கிடைத்தாலும் எண்பது கைபேசிகள். பஞ்சாயத்து அலுவலகத்திலோ புயல் பாதுகாப்புக் கட்டிடத்திலோ இப்படி ஓர் அமைப்பு இருந்தால், பாட்டரி வாங்க இயலாத குடும்பங்களுக்கும் அது உதவும்.

இரண்டாவது வேலை பழைய பாட்டரிகளைப் பற்றியது. உழைத்து ஓய்ந்த ஈயப் பாட்டரிக்கும் விலை உண்டு. அதன் ஈயம் மீண்டும் உருக்கப்படுகிறது. ஆனால் குடியிருப்புக்கு நடுவே திறந்த அடுப்பில் அதனை உருக்கினால், புகையும் தூசியும் மண்ணில் படிந்து, அங்கே விளையாடும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்களுக்கு விதித்துள்ளன. எனவே புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, விலைக் கழிவுக்கு ரசீது பெற வேண்டும். ஊருக்குள் இத்தகைய உருக்கும் அடுப்பு இருந்தால் பஞ்சாயத்து அதனை உடனே மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். கனம் குறையட்டும் என்று அமிலத்தை வாய்க்காலிலோ தோட்டத்திலோ கொட்டிவிட்டுக் கொண்டுபோவோரும் உளர். அவ்வாறு செய்யாமல், மூடிகளை இறுக்கி, பாட்டரியை நிமிர்த்தி வைத்து, சாயாதபடி கட்டியே வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும்.